தந்தை வெட்டிய மரமும் மகனின் செய்யாமையும்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. அதன் வடமேற்கில், செட்டோ உள்கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவுகள் எஹிமே மாநிலத்தைச் சேர்ந்தவை. கடுங்குளிர் எட்டாத அந்தச் சரிவுகளில், தமிழ்நாட்டில் கமலா ஆரஞ்சு என விற்கப்படும் பழத்தின் இனத்தைச் சேர்ந்த மிக்கன் பல தலைமுறைகளாகக் காய்த்துவருகிறது. அங்கே இயோ என்னும் ஊரில் ஃபுகோகா குடும்பத்துக்கு நெல்வயலும் மிக்கன் தோட்டமும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதி அழிந்துபோனது. புயலோ வறட்சியோ காரணம் இல்லை. ஒரு தத்துவத்தை நம்பி மகன் மரங்களைத் தொடாமல் விட்டதே காரணம். இயற்கை வேளாண்மையின் வரலாற்றில் மிகவும் பயன்தந்த தோல்வி இது என்று சொல்லலாம். அது எழுப்பிய கேள்வி தத்துவத்துக்கும் உரியது. தலையிடாமல் இருப்பதே இயற்கைக்குச் செய்யும் மரியாதை என்றால், முன்னோர் ஏற்கெனவே தலையிட்டு வளர்த்த மரத்தின் முன்னால் நிற்பவன் என்ன செய்ய வேண்டும்?

அந்த மகன் மசானபு ஃபுகோகா. 1913இல் பிறந்தவர். பயிர்நோயியல் படித்துவிட்டு, யோகோஹாமா துறைமுகச் சுங்கத்துறையில் வெளிநாட்டிலிருந்து வரும் செடிகளையும் பழங்களையும் சோதிக்கும் வேலை பார்த்தார். நுண்ணோக்கியின் கீழ் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் பார்ப்பதே நாளெல்லாம் வேலை. கடுமையான நிமோனியாவில் விழுந்து மீண்டபின் மனம் நிலைகொள்ளாமல் அலைந்தார். 25 வயதில் ஒரு விடியற்காலை, துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இரவெல்லாம் கழித்துக் கண்விழித்தபோது, மனிதன் அறிந்ததாக நினைப்பது எதுவும் உண்மையான அறிவன்று, மனித முயற்சியால் உலகத்தோடு கூட்டுவதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஐயமே இல்லாத தெளிவாக அவருக்குள் எழுந்தது. பௌத்தத்தில் சூனியம் என்றும், தாவோ மரபில் செய்யாமை என்றும் பேசப்படுவதற்கு மிக நெருங்கிய அனுபவம் அது. ஆனால் எந்த மதப் பிரிவையும் சேர்ந்தவராகத் தம்மை அவர் சொல்லிக்கொண்டதில்லை. கண்டதைப் பிறரிடம் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் அவரைக் கிறுக்கன் என்று ஒதுக்கினார்கள். பேசிப் புரியவைக்க முடியாததை மண்ணில் செய்து காட்டலாம் என்று வேலையை விட்டு ஊர் திரும்பினார்.

ஊரில் செல்வாக்குள்ள நிலக்கிழாரான தந்தை மலைமேல் இருந்த மிக்கன் மரங்களை மகன் பொறுப்பில் விட்டார். அவை அப்போதே வளர்ந்து காய்த்துக்கொண்டிருந்தவை. பழம் பறிக்கக் கை எட்ட வேண்டும், நடுவே வெயில் இறங்க வேண்டும் என்பதற்காக ஆண்டுதோறும் கவாத்து செய்து, சாக்கே மது அருந்தும் கிண்ணத்தின் வடிவில் விரித்து வளர்க்கப்பட்டவை. மகன் கவாத்துக் கத்தியைக் கீழே வைத்தார். மரம் தன் வழியில் வளரும், வளரட்டும் என்றிருந்தார். கிளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டன. உள்பக்கம் இருண்டது. பூச்சிகள் ஏறின. கொஞ்ச காலத்தில் மரங்கள் வாடி மடிந்தன. ஊரார் பேச்சுக்கு ஆளான தந்தை, மகனை மறுபடி ஒரு வேலைக்குப் போகச் சொன்னார். அதே தீவின் தென்புறத்தில் கோச்சி மாநிலத்து வேளாண் சோதனை நிலையத்தில் சேர்ந்து, போர் முடியும்வரை பூச்சி, நோய்க் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தார் ஃபுகோகா.

மரங்கள் ஏன் செத்தன என்பதற்குத் தாவரவியல் தெளிவான விடை தருகிறது. கிளையின் நுனிமொட்டில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உருவாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது பக்க மொட்டுகளை உறங்கவைக்கிறது. அதனால்தான் தொடப்படாத மரத்தில் ஒரு கிளை எங்கே தோன்ற வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்கி, உறங்கிய மொட்டுகள் பலவும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் நான்கைந்து போட்டியிடுகின்றன. கவாத்து செய்பவர் அடுத்த ஆண்டு வந்து அவற்றில் வேண்டாதவற்றைக் கழிக்கிறார். கழித்த இடத்தில் மேலும் மொட்டுகள் விழிக்கின்றன. ஆக, முதல் வெட்டு அடுத்த வெட்டைக் கட்டாயமாக்குகிறது. இருபது ஆண்டுகள் இப்படி வளர்ந்த மரத்தின் உருவம் மரத்தின் இயல்பும் மனிதக் கையும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. ஒரு தரப்பு திடீரென்று விலகினால் மறுதரப்பு பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை, ஏனென்றால் திரும்பிப் போக அதற்கு அப்படி ஓர் இடமே இருந்ததில்லை.

இந்த அழிவிலிருந்து ஃபுகோகா எடுத்துக்கொண்ட பாடம், அவருடைய தத்துவம் முழுவதையும் தாங்கும் வேறுபாடு. கைவிடுதல் வேறு, செய்யாமை வேறு. 1975இல் வெளியான 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நூலில் தந்தையின் தோட்டத்தை அழித்ததை அவரே எடுத்துச் சொல்லி, தாம் செய்தது இயற்கை வேளாண்மை அன்று, வெறும் கைவிடலே என்று தீர்ப்பளிக்கிறார். தம் கொள்கை தோற்ற இடத்தை ஒளிக்காமல் அதன் மேலேயே அடுத்த கட்டத்தை எழுப்பியதுதான் அவரை வெறும் பிரசாரகரிலிருந்து பிரித்து நிறுத்துகிறது.

இந்த வேறுபாட்டைச் சீன மரபு வெகு காலத்துக்கு முன்பே ஒரு பயிரை வைத்துப் பேசியிருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் மென்சியஸ் சொன்ன கதையில் சோங் நாட்டு உழவன் ஒருவன், நாற்று போதிய வேகத்தில் வளரவில்லையே என்று ஒவ்வொன்றையும் சற்று இழுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். நாற்று வளர இன்று உதவிசெய்து களைத்துவிட்டேன் என்கிறான். மகன் ஓடிப்போய்ப் பார்க்கிறான். பயிர் வாடிக் கிடக்கிறது. இந்தக் கதை பரவலாகத் தெரிந்ததுதான். ஆனால் மென்சியஸ் அதோடு நிறுத்தவில்லை. பயனில்லை என்று நினைத்து விட்டுவிடுபவன் களையெடுக்காதவன் என்று மறுபக்கத்துத் தவறையும் சேர்த்தே சுட்டுகிறார். இழுப்பதும் தவறு, விடுவதும் தவறு. இயோவில் நடந்தது இந்தக் கதையின் தலைகீழ் வடிவம்: கதையில் தந்தை இழுத்ததன் விளைவை மகன் ஓடிப்போய்ப் பார்த்தான், இயோவில் மகன் விட்டதன் விளைவைத் தந்தை பார்க்க நேர்ந்தது.

இந்திய மரபில் இதே கேள்வி துறவைப் பற்றிய விவாதமாக வடிவெடுத்தது. பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம் துறத்தலை மூன்றாகப் பிரிக்கிறது. தனக்கு விதிக்கப்பட்ட கடமையை மயக்கத்தால் விட்டுவிடுவது தாமசம். உடல் வருந்துமே என்று அஞ்சி விடுவது ராஜசம். கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பலனையும் விடுவது சாத்விகம். ஒரு கணமும் செயல் இல்லாமல் எவரும் இருக்க முடியாது என்று மூன்றாம் அத்தியாயம் முன்னமே சொல்லியிருக்கிறது. இந்த அளவுகோலில், கத்தியைக் கீழே வைத்த இளைஞரின் செயல் எவ்வளவு தூய நோக்கத்தோடு நடந்திருந்தாலும் முதல் வகையில்தான் போய் விழும். தைத்திரிய சம்ஹிதை, பிறக்கும்போதே பிராமணன் ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் முன்னோருக்கும் கடன்பட்டவன் என்கிறது. மனுஸ்மிருதியோ அந்த மூன்று கடன்களையும் தீர்க்காமல் வீடுபேற்றைத் தேடுபவன் கீழே போவான் என்று எச்சரிக்கிறது. சாதி, சடங்கு சார்ந்த அந்த நூல்களின் சட்டகத்தை ஏற்காதவர்களுக்கும் அதற்குள் இருக்கும் உள்ளறிவு முக்கியமானது. மனிதன் வெற்று நிலத்தில் வந்து பிறப்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் ஒரு கணக்கின் நடுவில் வந்து பிறக்கிறான். அந்தக் கணக்கை அவன் தொடங்கவில்லை என்பது அதிலிருந்து எழுந்து போவதற்கு உரிமை தராது.

பழமரம் இந்த உண்மையை நெல்லைவிடக் கூர்மையாகக் காட்டுகிறது. நெல் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். தவறான முறையை அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். மரத்தில் தந்தையின் கை மரத்தின் உடலாகவே நின்றுவிடுகிறது. அதோடு, மரத்தின் இயல்பான வடிவம் என்று பேசுவதே பழத்தோட்டத்தில் எளிதன்று. ஜப்பானில் பரவலாக வளரும் உன்ஷூ மிக்கனுக்குப் பெரும்பாலும் விதையே இருக்காது. காரத்தாச்சி என்ற முள் நிறைந்த வேறோர் எலுமிச்சைக் குலத்துச் செடியை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் ஒட்டுக்கட்டித்தான் அதைப் பெருக்குகிறார்கள். மனிதன் ஒட்டுக்கட்டுவதை நிறுத்தினால் சில தலைமுறைகளில் அந்த மரமே உலகில் இருக்காது. கட்டிலை மண்ணில் புதைத்து அது துளிர்த்தால் வருவது மரமே தவிர கட்டில் அன்று என்று கிரேக்கச் சிந்தனையாளர் ஆன்டிஃபோன் சொன்னதை அரிஸ்டாட்டில் தம் 'இயற்பியல்' நூலில் எடுத்தாள்கிறார். இயற்கையால் உள்ளதையும் கைத்திறனால் ஆனதையும் பிரிக்க அவருக்கு அது உதவியது. ஒட்டு மிக்கன் அந்தப் பிரிவினைக்குள் அடங்காது. அதை விட்டுவிட்டால் வேர்ச்செடியின் முட்கிளை கீழிருந்து எழுந்து ஒட்டுக்கிளையை அமுக்கப் பார்க்கும். அங்கே எது இயற்கை, எது கலை?

ஃபுகோகா இந்த இக்கட்டை முழுமையாகத் தீர்த்தார் என்று சொல்ல முடியாது. இளங்கன்றின் ஒரே ஒரு மொட்டைக் கத்தரித்தாலும் திருத்த முடியாத குழப்பம் தொடங்கிவிடும் என்று அவர் எழுதினார். அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒட்டுக்கட்டுதலே ஒரு வெட்டில்தான் தொடங்குகிறது. இருந்தாலும் அவருடைய கேள்வியின் வலிமை இதனால் குறைவதில்லை. மனிதக் கை படாத தூய இயற்கையை அவர் தேடினார் என்று படிப்பதைவிட, கை பட்ட பிறகும் மரத்துக்கென்று எஞ்சியிருக்கும் சொந்த ஒழுங்கைத் தேடினார் என்று படிப்பதே அவருக்கு நியாயம் செய்யும்.

பழமரத்தின் பக்கம் நின்று பேசிய பழைய குரல் ஒன்று தாவோ மரபின் 'சுவாங் ட்சு' நூலின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஷி என்ற தச்சன் ஊர்க்கோயில் ஓக் மரத்தை எதற்கும் உதவாத கட்டை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறான். அன்றிரவு மரம் கனவில் வந்து, தன்னைப் பழமரங்களோடு ஒப்பிட்டுப் பேசுகிறது. பேரி, ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ் போன்றவை பழுத்ததும் பிய்க்கப்படுகின்றன. பெரிய கிளை ஒடிக்கப்படுகிறது, சிறியது வளைத்து இழுக்கப்படுகிறது. தம் பயனே தம் வாழ்வைத் துன்பமாக்க, இயற்கை தந்த ஆயுளை முடிக்காமல் நடுவிலேயே மடிகின்றன என்கிறது. பயனற்றிருப்பதே தன் காவல் என்பது அந்த ஓக்கின் தத்துவம். கவாத்து செய்யப்பட்ட மரத்தின் வலியை இவ்வளவு நேராகச் சொன்ன பண்டைய நூல் வேறு உண்டா என்பது ஐயமே. ஆனால் ஓக்கின் வழி பழத்தோட்டத்துக்குத் திறந்திருப்பதில்லை. பயன் தராத மரத்தை நம்பி ஒரு குடும்பம் மூன்று தலைமுறை அந்தச் சரிவில் வாழ முடியாது.

சமணர்களின் நாவல் மரக் கதை வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. பசியோடு வந்த ஆறு பேர் பழுத்த நாவல் மரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவன் மரத்தை வேரோடு வெட்டலாம் என்கிறான். அடுத்தவன் பெருங்கிளைகளை, மூன்றாமவன் சிறுகிளைகளை, நான்காமவன் கொத்துகளை, ஐந்தாமவன் பழங்களை மட்டும் என்று இறங்கிவருகிறார்கள். ஆறாமவன், கீழே விழுந்து கிடப்பவையே போதும் என்கிறான். கறுப்பிலிருந்து வெண்மைவரை உயிரின் மேல் படியும் ஆறு லேசியைகளை விளக்க வந்த கதை இது. நோக்கத்தின் வன்முறையை இவ்வளவு நுட்பமாகப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் கதைகள் குறைவு. ஆனால் கதையில் ஒருவரைக் காணவில்லை: மரத்தை நட்டவர். அறுவரும் வழிப்போக்கர்கள். விழுந்த பழம் போதும் என்பவனுக்கு அடுத்த ஆண்டும் அங்கே மரம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவன் அப்பால் போய்விடுவான். தோட்டக்காரர் வழிப்போக்கர் அல்லர். அவர் எடுப்பதில் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பதோடு, மரம் தொடர்ந்து இருக்க எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றும் கேட்டாக வேண்டும். அகிம்சை அவரிடம் விலகிநிற்பதாக முடிவதில்லை. அது வேலையாகிறது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் போருக்குப் பிந்தைய இயோ காட்டுகிறது. 1947இல் அமெரிக்க ஆதிக்கத்தின் கீழ் நடந்த நிலச்சீர்திருத்தத்தில் குடும்பத்தின் வயல்களில் பெரும்பகுதி கைமாறியது. எஞ்சியது ஏக்கரில் பாதிக்கும் குறைவான நெல்வயலும் மலைச்சரிவுத் தோட்டமுமே. தோட்டத்தின் மேல்மண் அரித்துப்போய், செம்மண் களி கெட்டிப்பட்டுக் கிடந்தது. முதலில் ஃபுகோகா வைக்கோலையும் பெரணியையும் சுமந்துபோய்ப் பள்ளம் தோண்டிப் புதைத்தார். பிறகு மரக்கட்டைகளைப் புதைத்துப் பார்த்தார். பலன் இருந்தது, ஆனால் உழைப்புக்குக் கட்டுபடியாகவில்லை. உரத்தை வெளியிலிருந்து சுமப்பதற்குப் பதிலாக, அங்கேயே வளர்ந்து மண்ணை ஆழத்தில் திருத்தும் மரத்தை நடலாம் என்று எண்ணி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மோரிஷிமா அகேசியாவைப் பழமரங்களுக்கு நடுவே வைத்தார். வேர்முடிச்சுகளால் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பது அது. அதில் வரும் அசுவினிகளைத் தேடிப் பொறிவண்டுகள் வந்து, அங்கிருந்து மிக்கன் மரங்களுக்கும் பரவின. தரையில் வெண்குளோவர் விதைத்தார். அது களையை அமுக்கி மூடாக்காக நின்றது. முள்ளங்கி, கடுகு இனத்துக் காய்கறிகளின் விதைகளை மரங்களுக்கு அடியிலேயே வீசி, காட்டுச்செடி போல முளைக்கவிட்டார். கோழிகள் அதற்குள் திரிந்தன.

உழவில்லை, தயாரித்த உரமில்லை, களைக்கொல்லியோ உழுது களையெடுப்பதோ இல்லை, ரசாயனத்தைச் சார்ந்திருப்பதில்லை என்ற நான்கு கொள்கைகளும் இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் உருவானவை. ஒவ்வொரு ஆண்டும் இதைச் செய்யாமல் இருந்தால் என்ன என்று ஒரு வேலையைக் கேள்விக்கு உட்படுத்தி, அந்த வேலை தேவைப்படாத நிலையை முதலில் மண்ணில் உண்டாக்கிவிட்டு, பிறகே அதை நிறுத்தினார். இளைஞரின் செய்யாமைக்கும் முதியவரின் செய்யாமைக்கும் உள்ள தூரம் இதுதான்.

அகேசியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தமிழ்நாட்டு மலைகள் குறுக்கே வருகின்றன. அதே மரம்தான் நீலகிரியில் சீகை மரம் என்று சொல்லப்படும் கறுப்பு வாட்டில். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து நட்ட அது, நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக் காடுகளை ஒட்டிய புல்வெளிகளைப் பரந்த அளவில் விழுங்கிவிட்டது. இன்று அதை அகற்றுவதே அங்கே பாதுகாப்புப் பணியாகியிருக்கிறது. ஓர் இடத்தில் மண்ணை மீட்ட மரம் இன்னோர் இடத்தில் நிலத்தையே மாற்றிவிட்டது. தலையிடாமை என்பது எங்கும் எடுத்துப்போய் நடக்கூடிய விதை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு சரிவில் எது போதும், எது மிகை என்பதை அந்தச் சரிவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்தான் சொல்ல முடியும். குடும்பத் தோட்டம் தத்துவத்தில் பெறும் முக்கியத்துவம் இங்கிருந்துதான் வருகிறது: ஒரே இடத்தை ஒரு மனித ஆயுளுக்கு மேல் கவனிப்பதற்கு மனிதர்கள் கண்ட எளிய வழி அது.

எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று எல்லை வகுப்பதில் யூத மரபு காட்டிய நுட்பம் வியக்கத்தக்கது. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டை நிலத்தின் ஓய்வு ஆண்டாக்கி, விதைப்பதையும் திராட்சைத் தோட்டத்தைக் கிளைகழிப்பதையும் தடுக்கிறது. கவாத்துக்கே நேரடியாக விதித்த தடை இது. ஆனால் ஓராண்டு முழுதும் தொடாமல் விட்டால் சில மரங்கள் செத்துவிடுமே என்ற கேள்வியைத் தல்மூதின் அறிஞர்கள் எதிர்கொண்டார்கள். மரத்தைச் சாகாமல் நிறுத்தும் வேலை அனுமதிக்கப்பட்டது, மரத்தை மேம்படுத்தும் வேலை தடுக்கப்பட்டது என்று அவர்கள் பிரித்தார்கள். நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கவந்தவர்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. ஓய்வு ஆண்டு அந்த உண்மையைத் தோட்டக்காரரின் கைகளுக்கு நினைவூட்டுவது. ஆனாலும் அந்த நினைவூட்டலுக்காக மரம் சாக வேண்டியதில்லை. காத்தல் வேறு, கூட்டிக்கொள்ளுதல் வேறு என்ற இந்தப் பிரிவினை தந்தையின் மரங்களைப் பெற்ற நாளில் ஃபுகோகாவுக்குக் கிடைத்திருந்தால் அவை பிழைத்திருக்கலாம். ஏற்கெனவே வெட்டி வளர்த்த மரத்துக்கு, இனி வெட்டாமல் வாழும் நிலைக்கு வரும்வரை கத்தி தேவைப்படுகிறது. குறுக்கே போகும் கிளையை மட்டும் எடுத்து, ஒரு தலைமைக் கிளையை மேலே போகவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு வெட்டைக் குறைத்துவர வேண்டும். விலகுவதற்கும் ஒரு பயிற்சிக்காலம் உண்டு.

தோட்டத்துக்கு வெளியே இன்னொரு கை இருக்கிறது: சந்தை. பழம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், மெழுகு பூசியது போல மின்ன வேண்டும் என்று கேட்கும் சந்தைக்காகவே கவாத்திலும் மருந்தடிப்பிலும் ஒரு பகுதி நடக்கிறது. சுவைக்கு எந்தப் பாதகமும் செய்யாத ஒரு புள்ளிக்காகப் பழம் தரம் இறங்குகிறது. ஃபுகோகா இதைக் கடுமையாக எழுதினார். அதைவிடத் துணிச்சலானது அவருடைய விலைக் கொள்கை. செலவும் உழைப்பும் குறைவாக விளைந்த பொருள் ஆதலால் இயற்கை விளைபொருளே மிகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்றார். இயற்கைப் பொருள் என்றாலே கூடுதல் விலை என்றாகிவிட்ட காலத்தில் இது நினைத்துப் பார்க்க வேண்டிய நிலைப்பாடு. வசதியுள்ளவர் மட்டும் வாங்கும் பழம் நிலத்துக்கு நல்லதாக இருக்கலாம். அறத்தைப் பொறுத்தவரை அது பாதிவழிதான். ஆனால் குறைந்த விலையில் குடும்பம் தழைக்குமா என்ற கேள்வியை அடுத்த தலைமுறைதான் சுமக்கிறது. தந்தையின் நெறி, மகனின் வருமானம் என்ற இந்த இழுபறி எந்தக் குடும்பத் தோட்டத்துக்கும் புதிதன்று.

செய்யாமையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? சுவாங் ட்சு நூலில் சக்கரம் செய்யும் பியான், அரசனிடம் இதே துயரத்தைச் சொல்கிறான். உளி மெல்லப் போனால் நழுவுகிறது, வேகமாகப் போனால் கடிக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ளது கையில் இருக்கிறது, வாயால் சொல்ல வரவில்லை. மகனுக்கு அதைக் கற்பிக்க முடியவில்லை, மகனாலும் பெற்றுக்கொள்ள முடியவில்லை. எழுபது வயதிலும் தானே சக்கரம் செய்துகொண்டிருக்கிறேன் என்கிறான். ஆகவே அரசன் படிக்கும் நூல் இறந்தவர்களின் சக்கை என்று முடிக்கிறான். ஃபுகோகாவிடம் புத்தகமும் இருந்தது, தோட்டத்து மண்குடிசைகளில் மின்சாரமின்றித் தங்கி வேலைசெய்த இளைஞர்களும் இருந்தார்கள், குடும்பமும் இருந்தது. புத்தகம் எல்லாவற்றிலும் தொலைவு போனது. தமிழில் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற பெயரில் வந்து, நம்மாழ்வார் முன்னெடுத்த இயற்கை வேளாண் இயக்கத்துக்குக் கருத்துரம் தந்த நூல்களில் ஒன்றானது. 1988இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2008இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

புத்தகத்தைப் படித்து, உடனே எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்துத் தோற்றவர்கள் பல நாடுகளில் உண்டு. அவர்கள் அறியாமலே அந்த 25 வயது இளைஞரின் தவற்றைத் திரும்பச் செய்தவர்கள். முப்பது ஆண்டுகள் எடுத்த ஒரு விலகலின் கடைசி நிலையை முதல் நிலையாக எடுத்துக்கொண்டதே காரணம். பியான் சொன்னது இந்த அளவுக்கு உண்மை. ஆனால் அவன் மறந்த ஒன்று பழத்தோட்டத்தில் இருக்கிறது. சக்கரம் செய்பவனின் மகனுக்கு உளியும் கட்டையும் மட்டுமே மிஞ்சுகின்றன. தோட்டக்காரரின் பேரனுக்கு, தாத்தா எதைச் செய்தார், எதை விட்டார் என்பதன் பதிவாக ஒவ்வொரு மரமும் நிற்கிறது. எந்தக் கிளை எங்கே வெட்டப்பட்டது, எந்தச் சரிவில் மண் கறுத்தது, எந்த வரிசை தொடப்படாமல் வளர்ந்தது என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டாலும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பிறர் சொத்தின் பலனை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமைக்கு ரோமானியச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது. பொருளின் உள்ளுரு கெடாமல் அனுபவிக்க வேண்டும். ஜஸ்டினியனின் டைஜெஸ்ட் தொகுப்பில் வரும் விதியொன்று தோட்டத்தையே குறித்தது: தானே பட்டுப்போன மரங்களின் இடத்தில் அனுபவிப்பவர் வேறு மரங்களை நட வேண்டும், பட்ட மரம் அவருக்குச் சேரும். ஃபுகோகா எழுப்பிய இக்கட்டுக்கு நடைமுறையில் கிடைக்கும் வழியும் இந்த விதியின் வடிவில்தான் இருக்கிறது. தோட்டத்தைப் பெறும் ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னால் இரண்டு வகை மரங்கள் நிற்கின்றன. முன்னோர் வெட்டி உருவாக்கிய மரங்களிடம் அதற்குப் பெரிய சுதந்திரம் இல்லை. அவற்றின் ஆயுள் முடியும்வரை, வெட்டைக் குறைத்துக்கொண்டே, பராமரிக்கும் கடமைதான் உண்டு. பட்டுப்போன ஒன்றின் இடத்தில் நடும் கன்றிடம்தான் புதிய முடிவுக்கு இடம் இருக்கிறது. எந்த வேர்ச்செடி, எவ்வளவு இடைவெளி, நுனியைத் தொடுவதா விடுவதா என்பதையெல்லாம் அங்கே தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானம் சரியா என்பது தெரியவரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அதற்குள் தோட்டத்தின் பொறுப்பு பெரும்பாலும் அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். அவர் பார்வையில் அந்தக் கன்றும் முன்னோர் கைபட்ட மரங்களில் ஒன்று.